ஆடி முடிவதற்குள் ஒற்றைக் காலில்

ஆடியிலும் மார்கழியிலும் எங்கள் பக்கம் யாரும் கல்யாணம் வைப்பதில்லை. சிங்காநல்லூரில் எங்கள் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி இருக்கிற மண்டபம் அந்த இரண்டு மாதமும் பூட்டியே கிடக்கும். சும்மா கிடக்கிறதே என்று அதன் மேனேஜர் கீழே இருக்கிற சாப்பாட்டு ஹாலை ஸ்கேட்டிங் வகுப்புக்கு விட்டார். மேசைகளை மடித்துச் சுவரோரம் அடுக்கிவிட்டால் எட்டுத் தூண்களும் வழவழவென்ற கிரானைட் தரையும்தான் மிச்சம். எத்தனை முறை கழுவினாலும் அந்த ஹாலில் ரசத்தின் வாசனை போகாது. நான்கு சக்கரமும் ஒரே வரிசையில் இருக்கிற இன்லைன் ஸ்கேட்டில் ஒற்றைக் காலில் திரும்ப நான் கற்றுக்கொண்டது அந்த வாசனையில்தான். அப்போது எனக்கு முப்பத்தெட்டு வயது.

ஸ்கேட் என்னுடையது அல்ல, மகளுடையது. எட்டாவது படிக்கிற பெண், வளர்கிற கால் என்று இரண்டு அளவு பெரிதாக வாங்கியிருந்தோம். எங்கள் வீட்டில் செருப்பு, சீருடை, சைக்கிள் எல்லாமே அப்படித்தான் வாங்குவது. கால் வளர்வதற்குள் அவளுக்கு ஆசை போய்விட்டது. டியூஷன் இருக்கிறது, இனி வரமாட்டாள் என்று சொல்லிவிட்டு வரத்தான் மார்கழியில் ஒரு நாள் காலையில் மண்டபத்துக்குப் போனேன். அங்கே பயிற்சி கொடுப்பவருக்கு இருபத்தைந்து வயது இருக்கும். எல்லோரும் மிஸ் என்று கூப்பிட்டார்கள். வேறு பிள்ளைக்குக் கொடுக்கலாம் என்று நான் பையில் எடுத்துப் போயிருந்த ஸ்கேட்டை அவர் பார்த்தார், பிறகு என் காலைப் பார்த்தார்.

"இது உங்களுக்கே சரியா இருக்குமாட்ட இருக்குதுங்க அக்கா. அம்மாக்களுக்குன்னு காலைல ஆறு மணிக்கு ஒரு பேட்ச் ஓடுது. போட்டுப் பாக்கறீங்களா?"

"ஐயோ, எனக்கு வேண்டாங்க மிஸ். விழுந்து கையக் கிய்ய ஒடிச்சுக்கிட்டா வேலைக்குப் போக முடியாதுங்க."

"எப்படி விழறதுன்னுதானுங்க மொத நாள் சொல்லித் தாறதே."

நான் பயந்த சுபாவம். வாசலைப் பூட்டிவிட்டுத் தெருமுக்குவரை போய், திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்ப்பேன். அடுப்பு சிலிண்டரை மூடினோமா என்ற நினைப்பு பேருந்தில் பாதி வழியில் வரும். அப்படிப்பட்டவள் அன்று ஸ்கேட்டைக் காலில் மாட்டினேன். வேண்டாம் என்று இரண்டாம் முறை சொல்லக் கூச்சமாக இருந்தது. அதுதான் காரணமாக இருக்க வேண்டும்.

மேனேஜருக்கு ஒரே ஒரு நிபந்தனை. மண்டபத்தின் வாசலில் ஒரு பிள்ளையார் இருக்கிறார். "அவரு முன்னாடி சக்கரத்தோட நிக்காதீங்க அம்மணி. அதுவும் செருப்புக் கணக்குத்தான்" என்றார். அதனால் எல்லோரும் வெறுங்காலில் பிள்ளையாரைத் தாண்டி வந்து, கை கழுவுகிற தொட்டிகளின் ஓரம் உட்கார்ந்து மாட்டிக்கொள்வோம். தினமும் அவரைத் தாண்டும்போது மணிக்கட்டு ஒடியக்கூடாது என்று வேண்டிக்கொள்வேன். பம்ப் மோட்டாருக்குச் செம்புக் கம்பியைக் காயிலாகச் சுற்றுகிற வேலை எனக்கு. மணிக்கட்டு போனால் எல்லாம் போயிற்று.

மார்கழி முடிவதற்குள் நிற்கவும் உருளவும் வந்துவிட்டது. தை பிறந்ததும் மண்டபத்தில் கல்யாணங்கள் தொடங்கின; நாங்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் ஓர் அடுக்குமாடியின் வண்டி நிறுத்துமிடத்தில் உருண்டோம். சித்திரைக்குள் நிறுத்தவும், இரண்டு காலையும் தரையில் வைத்தபடி திரும்பவும் கற்றுக்கொண்டேன். அதோடு விட்டிருப்பேன்.

ஆடி பிறந்து மறுபடி மண்டபத்துக்கு வந்த முதல் வாரம் மிஸ் ஒரு செய்தி சொன்னார். ஆவணியிலிருந்து ஒரு பள்ளிக்கூடத்தின் கூடைப்பந்து மைதானத்தில் சின்னப் பிள்ளைகளுக்கு வகுப்பு நடத்தப் போகிறார். கூட நின்று பார்த்துக்கொள்ள ஓர் ஆள் வேண்டும்.

"அம்மாக்கள்லயே ஒருத்தர் வந்தா நல்லாருக்கும். ஆனா ஒண்ணுங்க, ஒத்தக் காலுல திரும்பத் தெரிஞ்சிருக்கணும். பிள்ளைகளை முதுகுக்குப் பின்னால உட்டுப்போட்டுப் போக முடியாது. முன்னால போய்க்கிட்டே திரும்பி அவங்களப் பாக்கணும். ரெண்டு காலையும் விரிச்சுத் திரும்பினா பக்கத்துல வார குழந்தையோட கால்ல இடிக்கும். ஆடி கடைசி ஞாயித்துக்கிழமை பாத்து முடிவு பண்ணிக்கலாம்."

அந்த வேலை எனக்கு வேண்டும் என்று அந்த நிமிடமே தோன்றியது. காயில் சுற்றுகிற இடத்தில் புதிதாக ஒரு மெஷின் வந்திருந்தது. ஐந்து பெண்கள் இருந்த இடத்தில் இப்போது இரண்டு பேர், அதிலும் எனக்கு வாரத்தில் மூன்று நாள்தான். ஆனால் அது மட்டும் காரணம் இல்லை. ஒன்பதாவது பாதியில் பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். வீட்டில் யாரும் நிறுத்தவில்லை. கணக்கு வாத்தியார் போர்டுக்குக் கூப்பிடுவார் என்ற பயத்திலேயே நின்றுவிட்டேன். பக்கத்தில் இருந்தவளின் நோட்டைப் பார்த்து ஒரு கணக்கின் விடையை எழுதியிருந்தேன். எப்படி வந்தது, போட்டுக் காட்டு என்றார். சாக்பீஸோடு பீரியட் முடியும்வரை நின்றேன். அதற்கு அடுத்த வாரம் பள்ளிக்கூடத்தை விட்டதுதான். அப்படிப்பட்ட என்னை ஒரு பள்ளிக்கூட மைதானத்தில் பிள்ளைகள் மிஸ் என்று கூப்பிடுவார்கள். இதை யாரிடமும் சொல்லவில்லை.

ஒற்றைக் காலில் திரும்புவது என்பது இதுதான்: ஒரு காலில் வளைவாக உருண்டு போகும்போதே, மற்ற காலைத் தரையில் வைக்காமல், முகத்தைப் பின்பக்கம் கொண்டுவர வேண்டும். போகிற வழி மாறாது. முன்பக்கமாகப் போனவள் பின்பக்கமாகப் போய்க்கொண்டிருப்பாள். "தோளு மொதல்ல போகட்டும், இடுப்பு அதைத் தொட்டு வரட்டும், காலு கடைசிங்க. முட்டியை மடக்கிப் போயி, திரும்பற நேரத்துல எந்திரிங்க. குதிங்காலு தானா லேசாயிரும்" என்பார் மிஸ். என் குதிங்கால் லேசாகவில்லை. பாதி திரும்பியதும் சக்கரங்கள் தரையைப் பிடித்துக்கொள்ளும். மற்ற கால் என்னைக் கேட்காமலே கீழே வந்துவிடும். இரண்டு வாரம் இதேதான். இடது முழங்காலில் ஒரு நீலம், அது பச்சையாகி, மேலே இன்னொரு நீலம்.

வீட்டுக்காரர் பட்டறையில் டர்னர். இருபது வருடமாக இரும்பைக் கடைகிற லேத்தில் நிற்கிறவர். ஒரு நாள் சாயங்காலம் நான் முழங்காலுக்கு எண்ணெய் தேய்ப்பதைப் பார்த்துவிட்டு, ஸ்கேட்டை எடுத்து டீவி மேசைக் கண்ணாடி மேல் வைத்தார். தலையைச் சாய்த்து, சக்கரத்துக்கும் கண்ணாடிக்கும் நடுவில் வெளிச்சம் தெரிகிறதா என்று பார்த்தார்.

"எங்க புடிக்குது?"

"பாதி வரைக்கும் வருதுங்க. அப்புறம் முன்னாடிச் சக்கரமும் பின்னாடிச் சக்கரமும் ஒட்டிக்கிட்டாப்பல நிக்குது."

"நாலும் ஒரே மட்டத்துல உக்காந்திருக்குது. அது எப்படித் திரும்பும்? நேரா போறதுக்குச் செஞ்ச சாமான் இது."

"மிஸ்ஸோடதும் இப்படித்தானுங்க இருக்குது. அவங்க திரும்பறாங்களே."

"அப்ப ஆபரேட்டர்தான் சரியில்ல" என்று சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு மறுபடி கண்ணாடியைக் குனிந்து பார்த்தார். அந்தப் பார்வை எனக்குத் தெரியும். எங்கள் ஊர்ப் பட்டறைக்காரர்களிடம் எது சரியில்லை என்று சொன்னாலும் முதலில் அதைக் கழற்றத்தான் பார்ப்பார்கள். மிக்ஸி, தையல் மெஷின், மாமனாரின் கைத்தடி எல்லாம் ஒரு முறை லேத்துக்குப் போய் வந்தவை.

மறுநாள் அவர் ஸ்கேட்டைத் துணிப்பையில் போட்டு எடுத்துப் போனது எனக்குத் தெரியாது. சாயங்காலம் கொண்டுவந்து வைத்தார்.

"ஒண்ணரை மில்லிமீட்டர் சீவியிருக்கறேன். ரெண்டு ஸ்கேட்டுலயும் முன்னாடிச் சக்கரம் ஒண்ணு, பின்னாடிச் சக்கரம் ஒண்ணு. நடுவுல ரெண்டுலயும் கை வெக்கல. இப்ப தொட்டில் மாதிரி ஆடும் பாரு."

ஸ்கேட்டைத் தலைகீழாகத் திருப்பிப் பார்த்தேன். "ஏனுங்க, என்னையக் கேக்காம சீவிப்போட்டீங்களா? பழையபடி ஆக்க முடியுமாங்க?"

"சீவுனத ஒட்ட வெக்கறதுக்கு இன்னும் மெஷின் வரலியே அம்மணி. கேட்டிருந்தா நீ ஒரு வாரம் யோசிச்சிருப்பே. அதுக்குள்ள ஆடி முடிஞ்சிருக்கும்."

அவர் சொன்னது சரிதான். அதனாலேயே இன்னும் கோபம் வந்தது.

அடுத்த நாள் காலை மண்டபத்தில், மற்றவர்கள் வருவதற்கு முன், கை கழுவும் தொட்டியிலிருந்து மூன்றாவது தூணை நோக்கி இடது காலில் உருண்டேன். நேராகப் போகவே கால் ஆடியது. தோளைத் திருப்பினேன், எழுந்தேன். குதிங்கால் லேசானது. ஹால் என்னைச் சுற்றி ஓடி நின்றபோது நான் தொட்டிகளைப் பார்த்தபடி பின்பக்கமாகப் போய்க்கொண்டிருந்தேன். வலது கால் இன்னும் மேலேதான் இருந்தது.

சந்தோஷம் வரும் என்று நினைத்திருந்தேன். வந்தது, யாராவது பார்த்துவிட்டார்களா என்ற பயம்தான். இது நான் திரும்பியதா, ஒண்ணரை மில்லி திரும்பியதா? பத்து நாள் தினமும் திரும்பினேன். மிஸ் பார்த்து, "வந்துருச்சே அக்கா!" என்றபோது சரியாகச் சிரிக்கக்கூட முடியவில்லை. சொல்லிவிடலாம் என்று வாய் வரை வரும். சொன்னால் வேலை போய்விடும். சொல்லாவிட்டால் நடுவில் என்றாவது ஸ்கேட்டைத் தலைகீழாகத் திருப்பிப் பார்ப்பார்; அப்போதும் போய்விடும், மானத்தோடு சேர்த்து.

கடைசி ஞாயிற்றுக்கிழமை பையில் எனது ஒன்பதாம் வகுப்பு மாற்றுச் சான்றிதழையும் பிளாஸ்டிக் உறையில் போட்டு எடுத்துப் போனேன். பள்ளிக்கூடத்தில் வேலை என்றால் படிப்பைக் கேட்பார்கள், கேட்டால் மறைக்காமல் காட்டிவிட வேண்டும் என்று முடிவு செய்திருந்தேன். சக்கரத்தைப் பற்றி அப்படி ஒரு முடிவு எடுக்கவில்லை.

மிஸ் மூன்று சின்னப் பிள்ளைகளைக் கொண்டுவந்து எனக்குப் பின்னால் நிறுத்தினார். மற்ற அம்மாக்கள் மேசை அடுக்கின் மேல் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தார்கள். முன்னால் உருண்டு போய் இடது காலில் திரும்பினேன். நன்றாக வந்தது. கை தட்டினார்கள். "இப்ப வலதுங்க" என்றார் மிஸ். வலது காலில் திரும்பிய அந்த நேரம் பின்னால் வந்த குட்டிப்பெண் ஒருத்தி என் சுடிதாரின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டாள். சாதாரணச் சக்கரமாக இருந்தால் நின்றிருப்பேன். என் கால் தொட்டில் மாதிரி ஆட, தரையில் உட்கார்ந்துவிட்டேன். மணிக்கட்டு ஒடியவில்லை. ஆனால் இரண்டு ஸ்கேட்டும் மேலே பார்த்துக்கொண்டிருந்தன.

மிஸ் குனிந்து ஒரு சக்கரத்தில் விரலை ஓட்டினார். "என்னங்க அக்கா, இது இவ்வளவு தேஞ்சிருக்குது? நடுவுல தேயாம?"

"தேயலைங்க மிஸ்" என்றேன். தரையில் உட்கார்ந்தபடியே. "எங்க ஊட்டுக்காரரு லேத்துல போட்டுச் சீவிப்போட்டாருங்க. பத்து நாளா அதுலதான் திரும்பறேன். நானாத் திரும்பல."

மேசை மேல் இருந்தவர்களில் ஒருவர் சத்தமாகச் சிரித்தார். "ஏனுங்க, எங்க ஊட்டுக்காரரு குறட்டை உடறாரு. அவரையும் லேத்துல போடுவாங்களா?"

மிஸ்ஸும் சிரித்தார். "டான்ஸ் மாதிரி ஆடறவங்க இப்படித்தானுங்க அக்கா வேணும்னே வெச்சுக்குவாங்க. தப்பெல்லாம் ஒண்ணுமில்ல. எனக்கே ஒரு செட் பண்ணித் தரச் சொல்லுங்க."

பத்து நாள் பயம் அந்த ஒரு வரியில் தீர்ந்தது. நான் மூச்சு விடுவதற்குள் அடுத்த வரியைச் சொன்னார்.

"ஆனா குழந்தைங்க கூட இதைப் போட்டுக்கிட்டு நிக்கக் கூடாதுங்க. இப்ப அந்தப் பாப்பா புடிச்சு இழுத்தாளே, அந்த மாதிரி எல்லாக் குழந்தையும் இழுக்கும். க்ளாஸுக்குன்னு வெச்சிருக்கற ஸ்கேட் ஒண்ணு தாறேன். அதுல ஒருக்கா திரும்பிக் காட்டுங்க."

போட்டுக் காட்டு. எனக்குக் கணக்கு வாத்தியாரின் குரல்தான் கேட்டது. வகுப்பு ஸ்கேட்டைப் போட்டு வாரை இறுக்கினேன். நாலு சக்கரமும் ஒரே மட்டம். தூணை நோக்கி உருண்டேன், ஆட்டமில்லாமல், நேராக. வேண்டாம், இன்னும் ஒரு அடி, வேண்டாம் என்று மனசு சொல்லிக்கொண்டே இருந்தது. ஆனால் குதிங்கால் லேசாவது எப்படி இருக்கும் என்று பத்து நாளில் காலுக்குத் தெரிந்திருந்தது. தோள் போயிற்று, இடுப்பு போயிற்று. சக்கரம் தரையைக் கரகரவென்று தேய்த்தது. அகலமாக, அசிங்கமாக, தூணில் கை படாத குறையாகத் திரும்பி முடித்தேன். வலது கால் கீழே வரவில்லை.

வலது காலில் திரும்ப மூன்று முறை முயன்றேன். மூன்று முறையும் இடது கால் வந்து தரையில் நின்றது.

மிஸ் என் இடது காலையும் பின்னால் நின்ற பிள்ளைகளையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு, "பிள்ளைகளை எப்பவும் எடது பக்கமாவே சுத்த உட்டா எடது காலே போதுங்க அக்கா. வலதுக்கு மார்கழி வரைக்கும் டைம். மண்டபம் காலியாத்தான் இருக்கும்" என்றார்.

படிப்பைக் கேட்கவில்லை. மாற்றுச் சான்றிதழ் உறை பிரிக்காமலே பீரோவுக்குத் திரும்பியது. வேலை கிடைத்ததையும், பிள்ளைகளோடு சீவிய சக்கரம் கூடாது என்பதையும் வீட்டுக்காரரிடம் சொன்னேன். "அப்ப என் வேலை வீணாப் போயிருச்சா?" என்றார். மிஸ் தனக்கு ஒரு செட் கேட்டதைச் சொன்னதும், சக்கரத்தின் அளவு என்ன என்று கேட்டு, அளக்கிற வெர்னியரை எடுத்து வைத்துக்கொண்டார்.

ஆவணி முதல் வாரம் பள்ளிக்கூடத்தின் கேட்டுக்குள் போனேன். வாட்ச்மேன் எழுந்து நின்றார். எனக்குப் பின்னால் யாரோ வருகிறார்கள் என்று நினைத்து ஒதுங்கி வழிவிட்டேன். மைதானத்தில் பிள்ளைகள் ஹெல்மெட் மாட்டிக்கொண்டிருந்தார்கள். நான் இடப்பக்கமாக ஒரு சுற்று உருண்டு வந்தபோது பின்னாலிருந்து ஒரு குரல், "மிஸ், என் வாரு கழண்டுருச்சு, மிஸ்!" என்றது.

மிஸ் எங்கே என்று தேடினேன். அவர் மைதானத்தின் அந்தக் கோடியில் இருந்தார். குரல் மறுபடியும் கூப்பிட்டது. அது என்னைத்தான் என்று புரிந்தபோது திரும்பினேன், அவசரத்தில் இரண்டு காலையும் தரையில் வைத்து.