துக்க நாட்களுக்குள் ஒரு விருந்து

அந்தக் கோடை முழுவதும் நான் களைத்துப்போயிருந்தேன். நித்திரை கொண்டாலும் தீராத களைப்பு. கணவர் முந்திய ஐப்பசியில் ஆஸ்பத்திரியில் காலமானார். முப்பத்தோராம் நாள் கிரியை முடிந்த கையோடு வேலைக்குத் திரும்பிவிட்டேன். வீட்டில் இருந்து என்ன செய்வதென்று தெரியவில்லை, அதுதான் காரணம். மொன்றியலின் கிழக்கே செயின்ட்-மிஷேலில் மெட்ரோ ஏறி, நீல வழித்தடத்தின் மற்றக் கோடிவரை போய், பிறகு ஒரு பஸ் பிடிக்க வேண்டும். கடைசி நிலையத்தில் ஆட்கள் இறங்கும் சத்தம்தான் பெரும்பாலும் என்னை எழுப்பும்.

நகரின் மேற்குப் பக்கத்தில் தனியாக வசித்த ஒரு யூதப் பெண்மணியைப் பகலில் பார்த்துக்கொள்வது என் வேலை. எழுபது கடந்தவர், முன்பு மருந்துக்கடை நடத்தியவர். கைநடுக்க வருத்தம் வந்தபின் சட்டைப் பொத்தான்கூடப் போட முடியாமல் போய்விட்டது. நான் அவரை மேடம் என்பேன். அவர் ஆங்கிலமும் பிரெஞ்சும் கலந்து என்னோடு பேசுவார். ஆனால் அவர் சொன்னவை என் நினைவில் எங்கள் பேச்சாகத்தான் தங்கியிருக்கின்றன. அப்படியே எழுதுகிறேன்.

அவருடைய குசினியில் பாலுக்கு வேறு சட்டி, இறைச்சிக்கு வேறு சட்டி. நான் சமைக்கலாம், ஆனால் அடுப்பை அவர்தான் பற்றவைக்க வேண்டும். சமையலில் யூதர் ஒருவரின் கை பட வேண்டும் என்பது அவர்களுடைய விதி. ஒவ்வொரு நாளும் அந்த நடுங்கும் கை குமிழைத் தேடிப் பிடித்துத் திருப்பும்வரை நான் கரண்டியோடு பக்கத்தில் நிற்பேன். உதவிக்குக் கை நீட்டமாட்டேன். எங்களுக்குள் அப்படி ஒரு பழக்கம் வந்துவிட்டது.

புதன்கிழமை காலைகளில் அவருடைய சாப்பாட்டு மேசையைச் சுற்றி அவரோடு சேர்த்து ஐந்து பெண்கள் இருந்து படிப்பார்கள். எல்லோரும் பேரப்பிள்ளைகள் கண்டவர்கள். பெரிய, கனத்த புத்தகங்கள். பக்கத்தின் நடுவே மூலம், அதைச் சுற்றிச் சின்ன எழுத்தில் உரைகள். ஒருவர் உரக்க வாசிப்பார், மற்றவர் மறுப்பார், இன்னொருவர் மேசையில் தட்டுவார். முதல் மாதம் அவர்கள் சண்டை பிடிக்கிறார்கள் என்றே நினைத்தேன். அது சண்டை இல்லை, அதுதான் படிப்பு என்று மேடம் சொன்னார். அவர்களுடைய தலைமுறையில் பெண்பிள்ளைகளுக்கு இதையெல்லாம் யாரும் சொல்லிக்கொடுக்கவில்லையாம். கிழவிகளான பிறகுதான் தாங்களாகவே தொடங்கியிருக்கிறார்கள். அப்போது படித்துக்கொண்டிருந்த நூல் விரதங்களைப் பற்றியது. மழை பொய்த்துப்போனால் ஊரில் யார் யார், எத்தனையாம் நாளில் விரதம் பிடிக்க வேண்டும் என்ற விசாரணை. மழைக்காகப் பட்டினி கிடப்பது எனக்குப் புதிய சங்கதியாகத் தெரியவில்லை.

அந்த ஐவரில் மொரோக்கோவில் பிறந்த ஒருவர் இருந்தார். அவர் சிரித்தால் குசினியில் கோப்பைகள் அதிரும். என்னோடு பிரெஞ்சில்தான் கதைப்பார், என் தேத்தண்ணீரைப் புகழ்வார். ஒரு நாள் மேசையிலிருந்து என்னைக் கூப்பிட்டார்.

"வாற கோடையில, அந்த ஒன்பது நாளுக்குள்ள இந்தப் புத்தகத்தை முடிக்கப்போறம். அண்டைக்கு ஆட்டிறைச்சி நான் கொண்டுவாறன். நீர் லீவு எடுக்கக்கூடாது."

ஒன்பது நாள் என்றால் என்ன என்று மேடம் பிறகு விளக்கினார். முற்காலத்தில் ஜெருசலேமில் இருந்த அவர்களுடைய கோவில் எரிந்துபோனது. அது எரிந்த மாதத்தில் அமாவாசை கழிந்ததும் ஒன்பது நாள் துக்கம். இறைச்சி இல்லை, வைன் இல்லை, பாட்டு இல்லை, துணி துவைப்பது இல்லை. ஒன்பதாம் நாள் தண்ணீரும் குடியாமல் முழு விரதம். ஆனால் ஒரு நூலை முதலிலிருந்து கடைசிவரை படித்து முடிப்பவர்களுக்கு அந்த முடிவே ஒரு பண்டிகை. அந்தத் துக்க நாட்களுக்குள் முடித்தாலும் விருந்து வைக்கலாம், இறைச்சியும் வைனும் உண்டு.

கோடை வருமுன் தை மாதத்துப் பனியில் அந்த மொரோக்கோக்காரி இறந்துபோனார். காலையில் எழும்பவில்லை, அவ்வளவுதான். மற்ற நால்வரும் சில வாரம் கூடவில்லை. பிறகு கூடினார்கள். புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு யன்னலைப் பார்ப்பார்கள். ஒருவரும் மேசையில் தட்டவில்லை. முன்பு ஒரு காலையில் நகர்ந்த பக்கம் இப்போது மாதக்கணக்கில் கிடந்தது.

ஆடி பிறந்த வாரம், நான் பஸ்ஸுக்கு நிற்கும்போது மச்சாள் போன் எடுத்தா. என் கணவருடைய தங்கை.

"மச்சாள், ஆவணி பிறந்த உடன பிள்ளைக்குச் சாமத்தியச் சடங்கு வைக்கப்போறம். மண்டபம் எடுத்தாச்சு."

"நல்ல விசயம்."

பஸ் ஒன்று வந்து போனது, அது என்னுடையது இல்லை.

"தண்ணி வாக்கிறதுக்குச் சின்னண்ணையின்ர மனிசியைக் கேட்டிருக்கிறன். அண்ணை இருந்திருந்தா நீங்கள்தானே... உங்களுக்குத் தெரியும்தானே. ஆண்டுத் திவசமும் முடியேல்லை. குறை நினையாதேங்கோ. நீங்கள் கட்டாயம் வரவேணும். வந்து பின்னுக்கு ஆறுதலா இருந்து சாப்பிட்டிட்டுப் போங்கோ."

"ஓம் மச்சாள், அதுக்கென்ன," என்றேன்.

அந்தப் பிள்ளை பிறந்தபோது மச்சாளுக்குப் பத்தியக் கறி வைத்துக் கொடுத்தவள் நான். பெரியவளான பிள்ளைக்குத் தாய்மாமன் மனைவி தண்ணீர் வார்ப்பது எங்கள் முறை. தாய்மாமன் போனதும் அவருடைய மனைவி கையால் வார்க்கக்கூடாது என்பதும் அந்த முறைதான். மச்சாள் புதிதாக ஒன்றும் செய்யவில்லை. கோபப்படுவதற்கும் ஒரு தென்பு வேண்டும், என்னிடம் அது இருக்கவில்லை. அடுத்த பஸ்ஸில் ஏறி, நின்றபடியே போனேன்.

ஆடி அமாவாசைக்கு அடுத்த நாள் அவர்களுடைய ஒன்பது நாள் தொடங்கியது. அந்த வாரம் மொன்றியலில் தாங்க முடியாத புழுக்கம். இரண்டாம் நாள் காலை நான் போனபோது மேடம் கட்டிலின் ஓரத்தில் இருந்தார். சிறுநீர் போய்ப் படுக்கை நனைந்திருந்தது. மாற்றுவதற்கிருந்த விரிப்பும் முதல் நாளே நனைந்து கூடையில் கிடந்தது.

"துவைக்கக்கூடாதெண்டு சொன்னனீங்கள். என்ன செய்ய?" என்று கேட்டேன்.

"துவையும். வருத்தக்காரருக்கு விலக்கு இருக்கு." நடுங்கும் கையை மற்றக் கையால் பிடித்துக்கொண்டார். "விலக்கு இருக்கெண்டு எனக்கு எப்பவோ தெரியும். அது ஒரு நாள் எனக்குத் தேவைப்படுமெண்டு நினைக்கேல்லை."

அவரைக் குளிக்கவார்த்து, மெத்தையைத் துடைத்து, விரிப்புகளை யந்திரத்தில் போட்டேன்.

புதன்கிழமை நால்வரும் கூடினார்கள். இரண்டு பக்கந்தான் மிச்சம். படிப்பதற்கு முன்பே விருந்தைப் பற்றிய வாக்குவாதம் தொடங்கிவிட்டது. அவர்களில் உயரமான ஒருவர் மிகவும் கண்டிப்பானவர். எந்த விதியையும் தளர்த்த விடமாட்டார்.

"ஆள் செத்து ஆறு மாதந்தான். துக்க நாளும் வேற. இறைச்சி தின்ன ஒரு சாட்டுத் தேடினது மாதிரி இருக்கும்," என்றார் அவர்.

"சாட்டோ? வருசக்கணக்காப் படிச்சிருக்கிறம்," என்றார் இன்னொருவர்.

மேடம் கையை மேசையில் வைத்தார். "எனக்குக் கொண்டாட்டம் போடத் தென்பில்லை. முடிப்பம். பாற்கட்டிப் பணியாரம் இருக்கு, அதைச் சாப்பிடுவம். பேந்து வீட்டை போங்கோ, நானும் படுக்கிறன்."

எவரும் மறுக்கவில்லை. மறுக்காமல் விட்டதுதான் எனக்கு என்னவோ போல இருந்தது.

வாசிப்பு கடைசிப் பக்கத்துக்கு வந்தபோது அழைப்புமணி அடித்தது. நான் போய்க் கதவைத் திறந்தேன். இறந்துபோன மொரோக்கோக்காரியின் மகள். நாற்பது வயது இருக்கும், அதே அகன்ற வாய். ஒரு கனத்த சட்டியைத் துவாயால் சுற்றி நெஞ்சோடு அணைத்துப் பிடித்திருந்தாள். உள்ளே வந்து அதை எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றாள்.

"ஆட்டிறைச்சி," என்றாள். "அம்மா மார்கழியில கனக்கச் சமைச்சு மிச்சத்தைக் குளிர்ப்பெட்டியில போட்டவ. ஒவ்வொரு முறை திறக்கேக்கையும் அது அங்க இருக்கு. என்னால சாப்பிடவும் ஏலேல்லை, எறியவும் ஏலேல்லை. இண்டைக்கு முடிக்கிறியள் எண்டு கேள்விப்பட்டன். நீங்கள் சாப்பிட்டா நல்லம்."

நால்வரும் அந்தச் சட்டியைப் பார்த்தார்கள். ஒருவர் கண்ணாடியைக் கழற்றினார். மேடம் மெல்ல எழும்பினார். நான் தோளைப் பிடிக்கப் போக, வேண்டாம் என்று தலையசைத்தார். தானே நடந்து குசினிக்கு வந்து, குமிழைத் தேடிப் பிடித்து அடுப்பை மூட்டினார். அன்று அதற்கு வழக்கத்தைவிடக் கூடிய நேரம் எடுத்தது.

இறைச்சி சூடாகும்போது கடைசி வரிகளை வாசித்தார்கள். மகள் தாயின் கதிரையில் இருந்தாள். வாசித்து முடித்ததும் அந்த நூலிடம் விடைபெற ஒரு வழக்கமான பிரார்த்தனை உண்டு. திரும்பவும் உன்னிடம் வருவோம் என்று புத்தகத்துக்கே சொல்வது அது என்று மேடம் எனக்கு முன்பே சொல்லியிருந்தார். நாங்களும் வெளிக்கிடும்போது போறன் என்று சொல்வதில்லை, போட்டு வாறன் என்றுதானே சொல்கிறோம். இறந்தவர்களுக்காகவும் சொல்லப்படும் ஒரு மன்றாட்டு அதற்குப் பிறகு வரும். அதற்குப் பத்து ஆண்கள் கூடியிருக்க வேண்டுமாம். அந்த வீட்டில் ஓர் ஆண்கூட இல்லை. அந்த இடம் வந்ததும் எல்லோரும் நிறுத்திக்கொண்டார்கள். மகள் மூடிய புத்தகத்தின் மேல் உள்ளங்கையை வைத்து அப்படியே இருந்தாள்.

நான் இறைச்சிக்கான சாப்பாட்டுக் கோப்பைகளை எடுத்து அடுக்கினேன். அப்போது அவள் கேட்டாள்.

"நான் இருந்து சாப்பிடலாமோ? அம்மாக்கு இன்னும் ஆண்டு முடியேல்லை. ஒரு விருந்துக்கும் நான் போறேல்லை."

மேடம் பதில் சொல்லுமுன் அந்த உயரமான பெண் சொன்னார். "இது மற்ற விருந்து மாதிரி இல்லை. துக்கம் காக்கிற ஆளும் இருந்து சாப்பிடலாம். இரும்."

அவரே எழும்பி அவளுக்குப் பரிமாறினார். நான் குசினி வாசலில் நின்றேன். மேடம் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"நீரும் வந்து இரும்."

"நான் நிண்டு குடுக்கிறன் மேடம். எனக்கும் ஆண்டு முடியேல்லை."

"அவ சொன்னது கேட்டதுதானே?"

"அது உங்கட ஆக்களுக்கு."

"உங்கட சட்டம் எனக்குத் தெரியாது. உம்மட கால் வீங்கிப்போய்க் கிடக்கு, அது தெரியுது. இரும்."

நான் இருந்தேன். புதன்கிழமை எனக்கு மச்ச மாமிசம் விலக்கான நாளும் அல்ல. தாய் இறைச்சியை உலர்ந்த பிளம்ஸோடு சமைத்திருந்தார். இனிப்பு, எங்கள் நாக்குக்கு உறைப்புக் காணாது. குளிரில் கிடந்ததால் ஓரங்கள் கொஞ்சம் உலர்ந்திருந்தன. நல்லாயிருக்கு என்று எவரும் சொல்லவில்லை, ஆனால் எல்லோரும் சாப்பிட்டார்கள். மேடம் தன் வைனை உறிஞ்சுகுழாயால் குடித்தார். இறந்தவர் ஒரு முறை புத்தகத்தில் இருந்த பண்டிதர் ஒருவரோடு கோபித்துக்கொண்டு முழுக் காலையும் பக்கத்தைத் திருப்ப மறுத்த கதையை ஒருவர் சொன்னார். மகள் சிரித்தாள். தாயின் சிரிப்பேதான். எல்லோரும் அவளைத் திரும்பிப் பார்த்துவிட்டுத் தாங்களும் சிரித்தார்கள்.

அந்த உயரமான பெண் என் பக்கம் திரும்பினார். "உம்மட மனிசன் என்ன மாதிரி ஆள்?"

என்ன வருத்தம், எத்தனை நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தார் என்று எல்லோரும் கேட்டிருக்கிறார்கள். இதை யாரும் கேட்டதில்லை.

"கனக்கக் கதைக்கமாட்டார்," என்றேன். "ஜான்-டலோன் சந்தைக்குப் போனா மாம்பழத்தை மணந்து பார்த்து மணந்து பார்த்து ஒண்டும் வாங்காமல் வருவார். கடைக்காரருக்கு அவரைக் கண்டாலே பிடிக்காது."

மேடம் சிரிக்க, வைன் மேசைவிரிப்பில் சிந்தியது. நான் துடைக்க எழும்பினேன். என்னை இருக்கச் சொல்லிவிட்டு அந்த மகள் துடைத்தாள்.

அவர்கள் போனபின் சட்டியைக் கழுவி அந்த மகளுக்காகக் கவிழ்த்து வைத்தேன். மேடம் படுத்துவிட்டார். எனக்குக் களைப்புக் குறைந்தது என்று சொல்லமாட்டேன். திரும்பும் மெட்ரோவில் வழக்கம்போல நித்திரையாகி, என் நிலையத்தில் பக்கத்திலிருந்தவர் தட்டி எழுப்ப இறங்கினேன்.

வைத்தியர் தடுத்ததால் மேடம் அந்த வருடம் ஒன்பதாம் நாள் விரதம் பிடிக்கவில்லை. மருந்தோடு தண்ணீர் குடிக்கும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டாராம், அவரே பிறகு சொன்னார். இலையுதிர் காலத்தில் வேறொரு நூலைத் தொடங்கினார்கள். உயரமான பெண் வருவதை நிறுத்திவிட்டார், முழங்கால் வருத்தம். மகள் சில புதன்கிழமைகள் வருவாள், சில வாரம் வரமாட்டாள்.

அதற்கு முன்பு, ஆவணியில் சடங்குக்குப் போனேன். போகாமல் விடலாமா என்று காலைவரை யோசித்துவிட்டுத்தான் சேலை கட்டினேன். பின்வரிசை, வாசலுக்குப் பக்கத்தில், குளிர்காற்று யந்திரத்துக்கு நேர்கீழே இருந்தது. பிளாஸ்டிக் கதிரைகள். முன்னால் மெத்தை போட்ட கதிரைகள் வெறுமையாகக் கிடந்தன. நான் நடந்துபோய் அவற்றில் ஒன்றில் இருந்தேன்.

மச்சாள் தாம்பாளத்தோடு அவசரமாக வந்தவ, என்னைக் கண்டு நின்றா.

"இங்கயோ இருக்கிறியள், மச்சாள்?"

"கால் நோகுது," என்றேன். "இங்கதான் மெத்தை இருக்கு."

அவ என் காலைப் பார்த்தா, பிறகு என் முகத்தைப் பார்த்தா. மேடையில் யாரோ அவவைக் கூப்பிட்டார்கள்.

"சரி, இருங்கோ. நான் தேத்தண்ணி அனுப்புறன்," என்று சொல்லிவிட்டுப் போனா.

தண்ணீர் வார்ப்பதை அங்கிருந்தே பார்த்தேன். பிள்ளைக்கு நல்ல வடிவு. சாப்பிட்டுவிட்டு, கூட்டம் கலையுமுன் மண்டபத்தை விட்டு வெளியே வந்து பஸ்ஸுக்கு நின்றேன்.