கோணல் விமானம்

நேற்றுக் காலை மருமகள் முன்னறையில் உட்கார்ந்து நகப்பூச்சைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அந்த வாடை மூக்கில் ஏறியதும் பத்திரிகையை மடித்துவிட்டேன். பிளாஸ்டிக் ஒட்டும் பசைக்கும் கிட்டத்தட்ட இதே வாடைதான். அறுபது தாண்டிய ஒருவன் நகப்பூச்சு வாடைக்குக் கலங்குவதைக் கேட்டால் உங்களுக்குச் சிரிப்பு வரும். சிரித்துக்கொள்ளுங்கள். எனக்குத்தான் இதையெல்லாம் சுமந்து அலுத்துவிட்டது.

தெல்தோட்டையிலிருந்து கண்டி டவுனுக்கு வந்து ஒரு ஹார்ட்வெயார் கடையில் வேலை பார்த்த காலம். பெயின்ட் பக்கம் நின்றவன் நவாஸ், கலகெதரக்காரன், என் வயதுதான். அவனுடைய அக்கா கணவர் கப்பலில் வேலை செய்தார். ஊருக்கு வரும்போதெல்லாம் விமானம் செய்யும் பெட்டி ஒன்று கொண்டுவருவார். உள்ளே சாம்பல் நிறத் துண்டுகளும் ஒரு படத்தாளும் இருக்கும். பார்த்துப் பார்த்து ஒட்டினால் கையகலப் போர்விமானம் ஒன்று கிடைக்கும். நாங்கள் செய்த முதல் விமானத்தின் இறக்கையில் என் கட்டைவிரல் ரேகை அப்படியே பதிந்துவிட்டது. பசை ஈரம் காயுமுன் தொட்டுவிட்டேன். என் கைவண்ணம் அவ்வளவுதான்.

இரண்டாவதாக வந்தது ஒரு விநோதம். பழைய ஜெர்மன் உளவு விமானம். எஞ்சின் ஒரு பக்கம், ஆட்கள் உட்காரும் கண்ணாடிக் கூண்டு தனியாக மறுபக்கம். வாலிலும் ஒரு பக்கத்துக்குத்தான் இறக்கை.

“இது பறந்துச்சாடா?” என்றேன்.

“பறந்ததாம். பாக்கத்தான் கோணல், மச்சான்.”

ஞாயிற்றுக்கிழமைகளில் கட்டுகஸ்தோட்டையில் என் வாடகை அறைக்கு வருவான். கூண்டின் சட்டங்களை மயிரிழைத் தூரிகையால் மூச்சை அடக்கிக்கொண்டு தீட்டுவான். ஒருமுறை என் பசை பட்டுக் கண்ணாடி மங்கிப்போனது. பற்பசை தேய்த்துத் தேய்த்து மூன்று ஞாயிறுகளில் தெளிய வைத்தான். மொத்தம் ஏழு மாத வேலை.

அது போர்க்காலம். டவுனில் தனியாக அறை எடுத்திருந்த தமிழன் நான்; பொலிஸ் சந்தேகப்பட அதுவே போதும். கடைசிப் பூச்சு மட்டும் மிச்சமிருந்த ஞாயிறு காலையில் வீட்டுக்காரச் சிங்கள அம்மா, நோனா, ஓடிவந்தார்.

“தம்பி, பொலிஸ் வருது. மேல் வீட்ல பாக்குது.”

மேசையில் பிளேடு, கத்தி, உளவு விமானம், அதன் படம். யோசிக்கவே இல்லை. பத்திரிகையில் சுற்றி, செருப்புக் காலால் மிதித்தேன். கண்ணாடி நொறுங்கிய சத்தம் சின்னதுதான். எல்லாவற்றையும் கக்கூஸ் குழியில் போட்டுவிட்டு வந்து நின்றேன்.

இரண்டு பேர் வந்தார்கள். அடையாள அட்டையைப் பார்த்தார்கள், கட்டிலுக்கு அடியில் குனிந்தார்கள். மூத்தவர் அலுமாரியின் மேல் கை நீட்டியபோதுதான் முதல் விமானத்தை மறந்துவிட்டது தெரிந்தது. அதை எடுத்து, விரலால் காற்றாடியைச் சுழற்றினார். “என் மகனுக்கும் இதுன்னா பைத்தியம்” என்று சிங்களத்தில் சொன்னார். பத்திரமாக இருந்த இடத்திலேயே வைத்தார். போய்விட்டார்கள்.

பத்து மணிக்கு நவாஸ் வந்தான், கையில் பெயின்ட் குப்பியோடு.

“எங்கடா நம்மட கோணலன்?”

“பொலிஸ் வந்தாங்க. எடுத்துட்டுப் போயிட்டாங்க” என்றேன். எப்படி அது வாயில் வந்தது என்று இன்றுவரை தெரியவில்லை.

அவன் கட்டிலில் உட்கார்ந்தான். குப்பியைத் தரையில் வைத்துவிட்டு, “ஒன்ன விட்டுட்டாங்களே, அல்ஹம்துலில்லாஹ். அது போதும் மச்சான்” என்றான். அந்தக் குப்பியைத் திறக்கவே இல்லை. அதன் பிறகு நாங்கள் எதையும் செய்யவில்லை.

அடுத்த ஞாயிறே சொல்லியிருக்கலாம். அப்புறம் அவன் கலியாணத்தில், அப்புறம் அவன் படுத்திருந்த ஆஸ்பத்திரியில். ஒவ்வொரு முறையும் தள்ளிப்போட்டேன்.

இரண்டு வருடங்களுக்கு முன் அவன் இறந்துபோன மவுத்து வீட்டில் அவனுடைய மகள் என்னைத் தேடி வந்தாள். “அங்கிள், அந்தப் பிளேன் கதையை வாப்பா எத்தன தரம் சொல்லியிருப்பாங்க! பொலிஸ்காரன் ஒருத்தன்ட வீட்டுல இப்பவும் இருக்குமாம். வடிவா வச்சிருப்பானாம்.”

ஆமாம் என்று தலையாட்டினேன். கடை போய்விட்டது, அந்த வாடகை வீட்டை இடித்துவிட்டார்கள், நோனாவும் இல்லை. உண்மையைக் கேட்டு என்னைத் திட்ட வேண்டியவன் ஒருவன்தான். அவனும் போய்விட்டான்.