இடப்பக்கம் திரும்பாத கழுத்து

மலைப்பாதையில் பேருந்து திடீரென்று பிரேக் போட்டபோது நான் இடப்பக்க ஜன்னல் வழியாக வெளியே பார்த்துக்கொண்டிருந்தேன். வளைவில் ஒரு காட்டுமாடு நின்றிருந்தது. மாட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. என் கழுத்துதான் சுளுக்கிக்கொண்டது. சீக்கிரம் சரியாகிவிடும் என்றார்கள். இரண்டு வருடமாகியும் ஆகவில்லை.

கொடைக்கானலில் ஒரு பள்ளியில் நான் கணக்கு ஆசிரியை. பலகையில் எழுதிவிட்டு இடப்பக்கம் இருக்கும் பிள்ளைகளைப் பார்க்க வேண்டுமென்றால் இடுப்போடு சேர்த்து முழு உடம்பையும் திருப்புவேன். ‘ரோபோ மிஸ்’ என்று எனக்குப் பெயர் வைத்திருந்தார்கள். படுத்தால் தலையணை சரியில்லை, உட்கார்ந்தால் நாற்காலி சரியில்லை என்று வீட்டில் எழுந்து எழுந்து நடந்துகொண்டிருப்பேன். ஸ்கேனில் சொல்லும்படி எதுவும் இல்லை. சுற்றுலா கார் ஓட்டும் என் கணவர், அதற்குப் பிறகு நான் கழுத்தில் கை வைத்தாலே பேச்சை மாற்றினார்.

பெரியகுளத்திலிருந்து வாரம் ஒருமுறை எங்கள் ஊர் கிளினிக்குக்கு வரும் ஃபிசியோதெரபிஸ்ட் பெண், ஒரு நாள் இரண்டு சென்சார்களை எடுத்து வைத்தாள். தீப்பெட்டியை விடச் சிறியவை. ஒன்றைப் பட்டையில் கோத்து நெற்றியில் கட்டினாள். மற்றொன்றைக் கழுத்துக்குக் கீழே முதுகில் ஒட்டினாள். லேப்டாப் திரையில் ஒரு தலை தெரிந்தது. நான் அசைந்தால் அதுவும் அசைந்தது.

“டீச்சர், முடிஞ்ச மட்டும் இடப்பக்கம் திரும்புங்க.”

திரும்பினேன். திரையில் இருந்த தலை பாதிகூடப் போகாமல் நின்றுவிட்டது. வருத்தப்பட்டிருக்க வேண்டும். எனக்கோ உள்ளுக்குள் சந்தோஷம். ஸ்கேன் கைவிட்டாலும் இந்தக் கருவி எனக்காகச் சாட்சி சொல்கிறதே என்று கூட வந்திருந்த கணவரைப் பார்த்தேன். அவர் ஃபோனில், “இந்தா வெரசா வந்துர்றேங்க” என்று யாருக்கோ சொல்லிக்கொண்டிருந்தார்.

“நாளைக்கு ஒரு நாள் முழுக்க இத மாட்டிக்கிட்டு உங்க சோலியப் பாருங்க. அடுத்த வாரம் கொண்டாங்க, பாப்போம்” என்றாள் அந்தப் பெண்.

மறுநாள் குளிருக்குக் கட்டும் கம்பளி ஸ்கார்ஃபுக்குள் பட்டையை மறைத்துக்கொண்டு பள்ளிக்குப் போனேன். யாரோ கூடவே நின்று என்னைக் கவனிப்பதுபோல் ஒரே தவிப்பு. எப்போதடா கழற்றுவோம் என்றிருந்தது.

அடுத்த வாரம் திரையில் அந்த நாள் முழுவதும் ஒரு கோடாக ஓடியது. இடப்பக்கம் திரும்பினால் எழும்ப வேண்டிய அது எழும்பவே இல்லை. மதியத்துக்கு மேல் ஓரிடத்தில் மட்டும் சட்டென்று உயர்ந்து இறங்கியிருந்தது. ஏறக்குறைய முழுத் திருப்பம்.

“இங்க என்ன நடந்துச்சு டீச்சர்?”

யோசித்ததும் நினைவு வந்தது. ஒரு குரங்கு வகுப்புக்குள் கை விட்டு இடப்பக்க ஜன்னலோரம் இருந்த டிபன் பாக்ஸைத் தூக்கியது. பிள்ளைகள் அலறினார்கள். நான் பலகையிலிருந்து திரும்பி டஸ்டரை வீசினேன்.

அன்றும் கூட வந்திருந்த கணவர் சிரித்துவிட்டார். “அப்ப வலியே இல்லியா? இத்தன நாளா சும்மாவா?”

முகம் எரிந்தது. கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தேன். அந்தப் பெண் என் கையைப் பிடித்து உட்கார வைத்தாள்.

“வலி நெசந்தாண்ணே” என்றாள் அவரிடம். “அடிபட்ட பயத்துல இவங்க கழுத்து தன்னப்போல இறுகிக் கெடக்கு. தெரிஞ்சு செய்யல. பதறுன நேரத்துல பயம் மறந்துருச்சு, திரும்பிருச்சு. இறுக்கி வச்சிருக்கிறதே பாதி வலி.”

பள்ளியில், வீட்டில், இனி யாரிடம் எப்படி இதைச் சொல்வது என்றே மனம் அலைந்தது. என் உடம்பு எனக்குத் தெரியாமல் ஒரு காரியம் செய்துகொண்டிருந்தது என்பதை ஏற்கவும் முடியவில்லை, மறுக்கவும் முடியவில்லை. வீட்டுக்கு வந்ததும் கண்ணாடி முன் நின்று மெதுவாக இடப்பக்கம் திரும்பிப் பார்த்தேன். பழைய இடத்திலேயே நின்றது.

பிறகு வாராவாரம் போனேன். சென்சாரைக் கட்டிக்கொண்டு, திரையில் ஓடும் ஒரு புள்ளியைத் தலையால் துரத்த வேண்டும். பொறுமை இழந்து ஒருமுறை பாதியிலேயே எழுந்து வந்திருக்கிறேன். மழைக்காலம் முடியும்போது கோடு கொஞ்சம் கொஞ்சமாக ஏறியிருந்தது. வலி மட்டும் அதே வேகத்தில் குறையவில்லை. பனி விழும் காலைகளில் இன்றும் இருக்கிறது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சர்ச்சிலிருந்து கிளம்பும்போது அவர் காரைப் பின்னால் எடுத்தார். “ஏய், அந்தப் பக்கம் யாரும் வர்றாங்களான்னு பாரு” என்றவர், உடனே நாக்கைக் கடித்துக்கொண்டு, “வேணாம், வேணாம், நானே எறங்கிப் பாத்துக்கிறேன்” என்றார்.

அதற்குள் நான் இடப்பக்கம் திரும்பியிருந்தேன். முழுக்க இல்லை. சுவரோரம் குடையோடு ஒரு பெண் நடந்து வருவது தெரியும் அளவுக்கு.

“நில்லுங்க, ஆள் வருது” என்றேன். கழுத்து சுளீரென்றது. அவள் கடந்து போகும்வரை அப்படியே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “இப்ப வாங்க” என்றேன்.