வீடியோவில் தெரிந்த பச்சை ஏணி

1. கீழே நின்ற ஆள்

நான் பொன்னுத்தாயின் அறையில் உட்கார்ந்திருந்தேன். கீழே இருந்து குரல் வந்தது.

"என்ன தாயி, ஃபாரின் வரைக்கும் போய்ட்ட போலுக்கு! ஒன் ஏணிகூட வீடியோல வந்துட்டு. பச்ச பெயின்ட்டு நல்லா எடுப்பா இருக்கு."

கான்ட்ராக்டரின் சூப்பர்வைசர். எங்கள் திருநெல்வேலிப் பக்கத்து ஆள்தான். மும்பை தாராவியில் மாடி அறைகளுக்கு வெளியே சாத்தியிருக்கும் இரும்பு ஏணிதான் படி. அதன் மேல் ஒரு கையை வைத்துக்கொண்டு சிரித்தபடி நின்றான். வேறு எதுவும் செய்யவில்லை.

பொன்னுத்தாயின் கணவர் தேவ்நாரில் ஒரு கட்டடத்தின் செப்டிக் டேங்கில் இறங்கிச் செத்துப்போனார். மாஸ்க் இல்லை, கயிறு இல்லை. சாப்பாடு கொண்டுபோன பொன்னுத்தாய் அதைக் கண்ணால் பார்த்தார். குடித்துவிட்டு அவராகவே விழுந்தார் என்று கான்ட்ராக்டர் சொன்னான். கூட வேலை பார்த்தவர்கள் வாயைத் திறக்கவில்லை. அடுத்த வாரம் விசாரணை. பொன்னுத்தாய் போய்ச் சொல்லாவிட்டால் கேஸ் அதோடு முடிந்துவிடும்.

நான் தாராவிப் பெண்களுக்காக வேலை செய்யும் ஒரு சங்கத்தில் ஃபீல்டு ஒர்க்கர். பத்தாவது வரை படித்தவள். கூட்டத்தில் வாய் திறக்காதவள். வத்சலா மேடம் எங்கள் டைரக்டர். மாட்டுங்காவில் பிறந்து வளர்ந்தவர். தாராவியில் பெண்களோடு தரையில் உட்கார்ந்து தண்ணீருக்கும் கக்கூஸுக்கும் மனு எழுதித்தான் ஆரம்பித்தார். அப்போது உலக மாநாடுகளுக்கெல்லாம் அவரைக் கூப்பிடத் தொடங்கியிருந்தார்கள். அந்த வாரம் ஐரோப்பாவில் ஒரு கூட்டத்தில் பேசும்போது, பொன்னுத்தாய் தான் பார்த்ததைச் சொல்லும் வீடியோவைக் காட்டினார். முகத்தை மங்கலாக்கியிருந்தோம், பெயரை மாற்றியிருந்தோம். பின்னால் இருந்த ஏணி எங்கள் யார் கண்ணிலும் படவில்லை. அந்தச் சந்தில் பச்சை ஏணி அது ஒன்றுதான். கணவர் மிச்சப் பெயின்ட்டைக் கொண்டுவந்து அடித்தது.

வீடியோவைப் பரப்பியவர்களும் விரோதிகள் இல்லை. "நம்ம தாராவி மேடம் வெளிநாட்டுல கலக்குறாங்க" என்று பெருமையாக எங்கள் ஆட்களே வாட்ஸ்அப்பில் அனுப்பினார்கள். காலையில் போட்டது, மாலைக்குள் அவன் கைக்குப் போய்விட்டது.

2. மேடத்துக்குப் போன்

கதவைச் சாத்திவிட்டு மேடத்துக்குப் போன் போட்டேன். வீடியோவை வைத்துப் பொன்னுத்தாயை அடையாளம் கண்டுவிட்டார்கள் என்றேன்.

"ஜெபா, ஃபேஸ் பிளர் பண்ணித்தானே போட்டிருக்கோம்?"

"ஏணி தெரியுது மேடம். ஆள் வந்து கீழ நிக்கான்."

"இன்னும் கொஞ்ச நேரத்துல நான் திரும்பவும் ஸ்டேஜ் ஏறணும். அதே வீடியோதான்" என்றார்.

"போடாதீங்க மேடம்."

அத்தனை வருஷ வேலையில் அவரிடம் நான் வேண்டாம் என்று சொன்னது அதுதான் முதல் தடவை. அவர் கோபப்படவில்லை. "போனைப் பொன்னுத்தாய்கிட்ட குடு" என்றார். ஸ்பீக்கரில் போட்டேன்.

பொன்னுத்தாய் அழவில்லை. "நீங்க அங்க கைதட்டு வாங்குதீய. இங்க அவன் ஏணில கைய வச்சிட்டு நிக்கான்" என்றார்.

"தப்புதாம்மா. உடனே எடுக்கச் சொல்றேன். மன்னிச்சுக்கோ."

"மன்னிப்ப வச்சி நான் என்ன செய்ய? எம் மவளக் கூட்டிக்கிட்டு எங்க போவேன்? அதச் சொல்லுங்க."

"சேம்பூர்ல என் ஃபிளாட் இருக்கு. சாவி ஜெபாகிட்ட இருக்கு. இப்பவே கிளம்புங்கோ."

"அந்த பில்டிங்ல எங்கள உள்ள விடுவாவளா?"

"வாட்ச்மேனோட நான் பேசறேன். நீ என் ஆத்துக்குப் போற. யாரும் தடுக்க முடியாது." மேடம் அதையே மறுபடியும் சொன்னார். அவருக்கும் பயம் வரும் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

3. ஜெபக்கூட்டம்

போகலாம்தான். ஏணியில் எப்படி இறங்குவது? போலீசைக் கூப்பிடலாமா என்றேன். "அவுஹ வந்து போன பெறவு?" என்றார் பொன்னுத்தாய்.

எங்கள் சர்ச் பெண்கள் வாரம் ஒரு வீட்டில் ஜெபக்கூட்டம் நடத்துவார்கள். துக்க வீடு என்றால் கூப்பிட்ட உடனே வருவார்கள். அப்பளம் போடும் ரோஸி அக்காவுக்குப் போன் செய்தேன். "என்ன ஏது" என்று கேட்கவில்லை. இருட்டுவதற்குள் பைபிளும் கையுமாகப் பெண்கள் சந்துக்குள் வந்துவிட்டார்கள்.

"யாருக்கு ஜெபம்?" என்றான் சூப்பர்வைசர்.

"ஒனக்குஞ் சேத்துத்தாம்ல. செருப்பக் கழத்திட்டு ஓரமா நில்லு" என்றார் ரோஸி அக்கா.

அவன் ஓரமாக நின்றான். செருப்பைக் கழற்றவில்லை.

அவர்கள் மேலே ஏறி வந்து பாடினார்கள். முடிந்ததும் எல்லோரும் முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு இறங்கினோம். நடுவில் பொன்னுத்தாய், இடுப்பில் மகள், மகள் மேல் ஒரு சேலை. அவன் பக்கத்தில் கடக்கும்போது அவன் சட்டையின் சென்ட் வாசனை அடித்தது. எந்த நிமிஷமும் என் தோளில் ஒரு கை விழும் என்று நினைத்தே நடந்தேன். அவன் முகங்களை எண்ணுவது போலப் பார்த்தான். ரோஸி அக்கா அவனுக்கு நேர் எதிரே நின்று சத்தமாக இன்னொரு ஜெபத்தைத் தொடங்கிவிட்டார். நாங்கள் மெயின் ரோட்டில் ரிக்‌ஷா பிடித்தோம். சேம்பூர் வரும்வரை நான் பின்னால் திரும்பிப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

4. கேட்டுவிட்டுப் பேசுவது

மேடம் அந்த மேடையில் வீடியோ இல்லாமல் பேசினார். மீதி நிகழ்ச்சிகளை விட்டுவிட்டு ஊர் திரும்பினார். விசாரணை அன்று, அது நடந்த அரசு ஆபீஸின் வராண்டா பெஞ்சில் எங்களோடு உட்கார்ந்திருந்தார். எதிர் பெஞ்சில் சூப்பர்வைசர். பொன்னுத்தாய் உள்ளே போய், அன்று தேவ்நாரில் பார்த்ததைச் சொல்லிவிட்டு வந்தார். வெளியே வந்ததும் தண்ணீர் கேட்டார். பாட்டிலைப் பிடிக்க அவருக்கு இரண்டு கையும் தேவைப்பட்டது.

தாராவி அறைக்கு அவர் திரும்பவில்லை. இப்போது வேறு இடத்தில் இருக்கிறார். அது எந்த இடம் என்று இங்கே எழுத மாட்டேன். பொன்னுத்தாய் என்பதும் அவர் சொந்தப் பெயர் இல்லை; இதை அவருக்கு வாசித்துக் காட்டிக் கேட்ட பிறகுதான் எழுதுகிறேன்.

மேடம் இன்று வெளிநாட்டில் பெரிய பொறுப்பில் இருக்கிறார். யாருடைய கதையைப் பேசினாலும் முதலில் அவருக்கே போன் செய்து, பேசப்போவதைத் தமிழிலோ இந்தியிலோ வாசித்துக் காட்டுகிறார். "இதைச் சொன்னா உனக்கு யாரால கஷ்டம் வரும்?" என்று கேட்கிறார். வேண்டாம் என்றால் பேச்சில் அந்தப் பகுதியை எடுத்துவிடுகிறார். புதிதாக வேலைக்கு வருபவர்களுக்கு நான் சொல்வதும் இதுதான். கேளுங்கள். நாம் நல்லது செய்கிறோம் என்ற நினைப்பில்தான் கேட்க மறந்துபோகிறோம்.

போன வருஷம் மேடம் பொன்னுத்தாயிடமும் கேட்டார். நானும் கூட இருந்தேன்.

"கேஸு முடியட்டும்" என்றார் பொன்னுத்தாய். "மறுநாளே எம் பேரு, எம் மொகம் எல்லாத்தையும் போடுங்க. மறைக்காண்டாம்."

கேஸ் இன்னும் நடக்கிறது. மேடம் எந்த மேடையிலும் அவரைப் பற்றிப் பேசுவதில்லை.