மாரிச்சாமி வீட்டில் ஆறு நாள் இருந்த துப்பாக்கி

மாரிச்சாமிக்கு ஐம்பத்தெட்டு வயது. யாங்கோன் நகரத்துப் பசுந்தாங்கில் ஒரு பழைய கட்டடத்தின் கீழ்த்தளத்தில் குடியிருக்கிறார். ஆற்றுக்கு அப்பால் லைங் தாயாவில் உள்ள தையல் ஆலைகளுக்குப் பெண்களை ஏற்றிப் போகும் பஸ்ஸை ஓட்டுவது அவர் வேலை. அந்த மாதிரி பஸ்ஸை யாங்கோனில் ஃபெர்ரி என்பார்கள். காலை ஐந்து மணிக்குக் கிளம்பினால் வீடு திரும்ப மாலை ஏழாகிவிடும். அதுவரை மனைவி மா தீதா தனியாகத்தான் இருப்பாள். பர்மியப் பெண், மாமியாரிடம் கேட்டுக் கேட்டே தமிழ் பழகியவள்.

போன மழைக்காலத்தில் ஒரு நாள் காலை பத்தரை மணிக்கு, மின்சார மீட்டர் பார்க்க வந்ததாகச் சொல்லி இரண்டு பேர் கதவைத் தட்டினார்கள். கழுத்தில் அடையாள அட்டை தொங்கியதால் திறந்துவிட்டாள். கத்தியைக் காட்டினார்கள். அவள் கைகளை வயரால் கட்டிப்போட்டு, காதுத் தோட்டையும் கைபேசியையும் எடுத்துக்கொண்டு போனார்கள். கூச்சலும் போட்டுப் பார்த்தாள். மேலே நான்கு குடும்பம் இருந்தது. ஒரு கதவுகூடத் திறக்கவில்லை.

மாரிச்சாமி போலீசுக்குப் போனார். புகாரை எழுதிக்கொண்டவர் வீட்டில் இருப்போரின் பெயர்ப் பட்டியலைக் கேட்டு வாங்கினார். “மனோஜுன்னு ஒரு மகன் பேர் இருக்கே, எங்கே அவன்?” என்றார். கட்டாய ராணுவச் சேவை அறிவித்த மாதமே மனோஜ் தாய்லாந்துக்குப் போய்விட்டான். எப்போது போனான், எந்த வழியாகப் போனான், யார் கூட்டிப் போனது என்று ஒரு மணி நேரம் கேள்வி. திருட்டைப் பற்றி இரண்டு வரி எழுதினார்கள். மகனைப் பற்றி இரண்டு பக்கம்.

வார்டு அலுவலகத்தில் வேறு யோசனை சொன்னார்கள். ராணுவ அரசாங்கத்தின் காவல் குழுவில் பெயர் கொடுத்தால் சட்டப்படியே துப்பாக்கி கிடைக்குமாம். அப்படிப் பெயர் கொடுத்த ஒருவரைப் போன வருஷம் ராணுவத்தை எதிர்ப்பவர்கள் அடுத்த தெரு டீக்கடையில் பட்டப்பகலில் சுட்டுவிட்டுப் போயிருந்தார்கள். மாரிச்சாமி தலையை ஆட்டிவிட்டு வெளியே வந்து, நடுத்தெருவில் நின்று கண்டபடி திட்டினார். யாரைத் திட்டுகிறோம் என்று அவருக்கே தெரியவில்லை.

இன்னொரு ஃபெர்ரி ஓட்டும் மோகன்தான் கடைசியில் ஒரு துணிமூட்டையை நீட்டினான். இரும்புக் குழாய், மரப்பிடி, மூன்று தோட்டா. எங்கேயோ பட்டறையில் செய்த துப்பாக்கி.

“வெச்சுக்கங்கண்ணே. வேண்டாம்னு தோணுனா திருப்பிக் குடுங்க. உங்க வீட்டுல இது இருக்குன்னு தெரிஞ்சாலே எவனும் வரமாட்டான்.”

“தெரிஞ்சா நான் ஜெயிலுக்கில்லப்பா போவேன்?”

“அப்ப யாருக்கும் தெரியாமப் பாத்துக்கங்க.”

“தெரியாட்டி திருடன் எப்படிடா பயப்படுவான்?”

ஆனாலும் மாரிச்சாமி வாங்கிக்கொண்டார். அன்று காலை அவர் கிளம்பும்போது மா தீதா மீன் வெட்டும் கத்தியை மடியில் வைத்துக்கொண்டு கதவுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தாள். அந்தக் காட்சி அவர் கண்ணை விட்டு அகலவில்லை.

வீட்டில் அதை வைக்க இடமில்லை. அரிசி டப்பாவில் வைத்தார்; அவள் தினமும் அரிசி எடுப்பாள் என்று தோன்றியதும் எடுத்தார். புத்தர் மாடத்துக்குப் பின்னால் வைக்க மனம் வரவில்லை. வார்டுக்காரர்கள் ஆள் கணக்குப் பார்க்க வந்தால் முதலில் கட்டிலுக்கு அடியில்தான் குனிவார்கள். வெடிக்குமா வெடிக்காதா என்று சுட்டுப் பார்க்கவும் வழியில்லை. பசுந்தாங்கில் இருமினாலே மூன்று வீட்டுக்குக் கேட்கும். ஐந்து நாள் இப்படியே போனது. மனைவிக்காக வாங்கியது மனைவிக்கே தெரியாது. ஆறாம் நாள் பொறுக்க முடியாமல் அவள் முன்னால் எடுத்து வைத்தார்.

அவள் தொடவில்லை.

“கோ மாரி,” என்று பர்மிய வழக்கில் அவரைக் கூப்பிட்டாள். “அவங்க வந்தப்ப நீங்க எங்க இருந்தீங்க?”

“வண்டியில.”

“இனிமே வந்தா?”

“வண்டியிலதான்.”

“அப்ப சுடுறது யாரு, நானா?” என்று கேட்டாள். “காதுத் தோட்டக் கழட்டிக் குடுன்னாங்க, குடுத்தேன். இது இருந்திருந்தா இதையும் எடுத்துக் குடுத்திருப்பேன்.”

“பின்ன என்னதான் பண்ணச் சொல்றே?” என்று கத்தினார் மாரிச்சாமி.

“திருப்பிக் குடுத்துட்டு வாங்க. ஒருத்தனச் சுட்டுட்டு நான் எப்படிச் சாமி கும்புடுறது?”

மறுநாள் காலை துணிமூட்டை ஓட்டுநர் இருக்கைக்கு அடியில் இருந்தது. பின்னால் நாற்பது பெண்கள். லைங் தாயா போகும் பாலத்தில் வண்டியை நிறுத்தினார்கள். இளம் சிப்பாய் ஒருவன் ஏறி, பெண்களின் கைபேசிகளை ஒவ்வொன்றாக வாங்கிப் பார்த்தான். தனகா மரப்பட்டைச் சாந்து பூசிய கன்னத்தோடு முன்வரிசையில் இருந்த பெண் கடவு எண்ணை மறந்து மூன்று முறை தப்பாக அழுத்தினாள். மூட்டை கிடைத்தால் தன்னோடு இந்த நாற்பது பேரையும் இறக்குவார்கள் என்பது அப்போதுதான் மாரிச்சாமிக்கு உறைத்தது. சிப்பாய் அவர் காலடியைப் பார்த்தான். “ஆலைக்குத்தானே? போ” என்று இறங்கினான்.

மோகனிடம் மூட்டையைக் கொடுத்தபோது அவன் சிரித்தான்.

“பயமாண்ணே?”

“ஆமாண்டா” என்றார். அவனை அறைய வேண்டும் போலிருந்தது.

இப்போது மா தீதாவும் அவரோடு ஐந்து மணிக்கே கிளம்பிவிடுகிறாள். வீட்டைப் பூட்டிவிட்டு, ஓட்டுநருக்குப் பின்னால் முதல் இருக்கையில் உட்கார்ந்துகொள்கிறாள். பகலில் ஆலை வாசலில் பெண்களுக்குச் சோறு விற்கிறவளுக்குக் கறிகாய் நறுக்கித் தருகிறாள். மாரிச்சாமிக்கு முப்பது வருஷமாக இருந்த ஒரே நிம்மதி, பெண்கள் ஏறும்வரை தனியாக வண்டி ஓட்டுவது, அதுவும் போயிற்று. பூட்டிய வீட்டில் எவன் புகுந்தானோ என்ற நினைப்பு வேறு.

போன வாரம் போலீசிலிருந்து மறுபடி கூப்பிட்டார்கள். தோடு கிடைத்துவிட்டதாக்கும் என்று ஓடினார். மகனின் தாய்லாந்து விலாசம் வேண்டுமாம். தெரியாது என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்து, வண்டியின் கதவைப் படாரென்று சாத்தினார்.

“என்ன கேட்டாங்க?” என்றாள் மா தீதா.

“ஒண்ணுமில்ல.”

திருப்பம் தாண்டிக் கொஞ்ச தூரம் போனதும், “சிக்னல் லைட்ட அணைக்கல நீங்க” என்றாள்.