மிதந்த இரண்டு தட்டுகள்

பால் புரதம் இருந்தால் கறுக்க வேண்டிய எட்டுப் புள்ளிகளில் இரண்டுதான் கறுத்திருந்தன. அக்கா அந்தச் சோதனைத் தாளை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் புள்ளிகளை எண்ணினார். பிறகு, "மாதாவே, ஹார்மோன்தான் கெட்டுப்போச்சு போலருக்குலே" என்றார். கெட்டது ஹார்மோன் இல்லை என்பது எனக்கு மட்டும் தெரியும்.

தொண்ணூறுகளில் பாளையங்கோட்டைக் கல்லூரி ஒன்றில் நான் ஆய்வு உதவியாளன். அக்கா என்று நான் அழைத்த அந்த ஆய்வு மாணவி கடற்கரை ஊர்க்காரர். சினை எலியின் மடிச் செல்களை, பால் சுரக்கத் தூண்டும் ஹார்மோன் ஊற்றி, தட்டில் வளர்த்தார். வெறும் பிளாஸ்டிக்கில் விட்டால் அவை தட்டையாகப் பரவிக் கிடக்கும். பால் சுரக்க வேண்டியவை என்பதே மறந்ததுபோல. எலிவாலின் தசைநாணிலிருந்து எடுத்த கொலாஜன் புரதத்தைக் களியாக உறையவைத்து அதன்மேல் விட்டாலும் போதாது. களியின் ஓரத்தை ஊசியால் சுற்றி அறுத்து மிதக்கவிட வேண்டும். அப்போதுதான் களி சுருங்கும். செல்கள் நிமிர்ந்து, தமக்கு அடியில் லாமினின் என்ற இன்னொரு புரதத்தை விரித்துக்கொண்டு, மேல் எது கீழ் எது என்று அறிந்து பால் புரதம் செய்யும். உள்ளே மரபணு மாறுவதில்லை. ஊன்றி நிற்கும் இடம்தான் செல்லை ஆளாக்குகிறது என்பது அக்காவின் வாதம். பேராசிரியரோ, "இந்தத் தடவையும் வரலைன்னா வேற தலைப்பு பாத்துக்கிடும்மா" என்று சொல்லிவிட்டார். மூன்று வருட உழைப்பு.

மாதா கோயில் கொடியேற்றத்துக்கு ஊருக்குப் போன அக்கா, "பைய அறுலே, ஒண்ணும் ஆவாது" என்று எட்டுத் தட்டுகளிலும் களியை அறுத்துவிடும் வேலையை என்னிடம் விட்டுப்போனார். அம்மா பீடி சுற்றிப் படிக்கவைத்த பிள்ளை நான். எங்கள் வீட்டில் முதல் கையெழுத்து என்னுடையது. எதையாவது கெடுத்தால் வெளியே அனுப்பிவிடுவார்கள் என்ற நடுக்கம் எப்போதும் உண்டு. இரண்டு களிகளை விடுவித்தேன். மூன்றாவதில் ஊசி வழுக்கி ஓரம் லேசாகக் கிழிந்தது. அடுத்ததும் கிழிந்துவிடுமோ என்று ஊசியைக் கீழே வைத்தேன். அதையும் மற்றவற்றையும் ஒட்டியபடியே விட்டுவிட்டு, 'எட்டும் மிதக்கின்றன' என்று குறிப்பேட்டில் எழுதினேன். அக்கா திரும்புவதற்குள் சோதனைக்காக எல்லாவற்றையும் அரைத்தும் முடித்தேன். குழாய்களுக்கு எண் போட்டது அதன் பிறகுதான், எது எந்தத் தட்டுடையது என்று பாராமலே.

"புது ஹார்மோன் வாங்கணும், அதுக்கு அவரு எங்க விடப்போறாரு" என்று அக்கா நாற்காலியில் சரிந்தபோது, இரண்டைத்தான் அறுத்தேன், குறிப்பேட்டில் எழுதியது பொய் என்று சொல்லிவிட்டேன். அக்கா திட்டவில்லை, தாளைத்தான் மறுபடி பார்த்தார்.

"அப்போ ரெண்டுதான் மிதந்துச்சா? இங்கனயும் ரெண்டுதாம்லே கறுத்திருக்கு!" முகம் ஒரு கணம் விரிந்தது. "எந்த ரெண்டுலே?"

அப்போதுதான் உண்மையான பயம் வந்தது. கறுத்திருந்த எண்கள் கண்முன்னே இருந்தன. மூன்றும் ஆறும் என்றால் நம்பியிருப்பார். பேராசிரியரும் நம்பியிருப்பார். அக்காவின் மூன்று வருடமும் பிழைத்திருக்கும்.

"தெரியலக்கா" என்றேன்.

அவர் கண்ணை மூடித் திறந்தார். "பொய் சொல்லத் தெரிஞ்சவனுக்கு இப்ப ஒரு பொய் வரல பாரு" என்றார். சிரித்தாரா என்று நிமிர்ந்து பார்க்க எனக்குத் தைரியமில்லை. தாளை மடிக்காமல் கையில் எடுத்துக்கொண்டு, "வா. அவர்ட்ட நீதான் சொல்லணும்" என்று பேராசிரியர் அறைப்பக்கம் நடந்தார்.

இன்று என்னிடம் மாணவர்கள் வந்து, "சார், எல்லாம் சரியா வந்துட்டு" என்கிறபோது, அந்த வராந்தாவில் நான் அக்காவின் பின்னால் நடந்துகொண்டேதான் இருக்கிறேன்.