மாசக் கடைசிக் கலக்கி

பீளமேட்டில் நான் படித்த நான்கு வருடமும் என் வயிற்றைக் காப்பாற்றியது யாகூப் பாயின் தள்ளுவண்டிதான். ஹாஸ்டல் சோற்றை மனுசன் தின்பானா? சாயங்காலமானால் அவர் தோசைக்கல்லைச் சுற்றி நிற்போம். ஒரு முட்டை, ஒரு கரண்டி சால்னா, கொஞ்சம் மிளகு; பாதி வேகும்போதே மடித்து இலையில் போடுவார். அந்தக் கலக்கியை நினைத்தால் இப்போதும் எச்சில் ஊறுகிறது.

கையில் காசு தீரும் மாசக் கடைசிக்கு இன்னொரு வகை உண்டு. சால்னாவை அதிகம் ஊற்றி, ஒரே முட்டையில் இரண்டு கலக்கி, ஒவ்வொன்றும் பாதி விலைக்கு. யாரும் கேட்டு வாங்கியதில்லை. முகத்தைப் பார்த்தே போட்டுவிடுவார்.

பத்து வருடம் கழித்துப் போன மாதம் அங்கே போனேன். அன்று நல்ல குஷி. உடுமலைப் பக்கம் அப்பா போட்ட மக்காச்சோளத்தை எத்தனால் ஆலைக்காரர்கள் நல்ல விலைக்கு எடுத்திருந்தார்கள். பாய்க்குத் தாடி நரைத்திருந்தது. ஆனாலும் என்னைப் பார்த்ததும் அடையாளம் கண்டுகொண்டார். கொடுத்த கலக்கிதான் தண்ணியாய் ஓடியது. எனக்குச் சுர்ரென்று ஏறியது.

"ஏனுங்க பாய், தேதி அஞ்சுதானுங்க ஆச்சு. அதுக்குள்ள மாசக் கடைசிக் கலக்கியா?"

"இப்பெல்லாம் தெனமும் மாசக் கடைசிதானுங்க அம்மணி."

பிறகு விவரம் சொன்னார். வெயிலில் கோழி சாகிறது, வண்டி வாடகை ஏறிவிட்டது. எல்லாவற்றுக்கும் மேல் தீவனம். மக்காச்சோளத்தை எத்தனாலாக்கிப் பெட்ரோலில் கலக்கக் கொண்டுபோகிறார்களாம். கோழிக்கு மிஞ்சுவது யானை விலை, அதனால் முட்டையும் அப்படியே. கலக்கி விலையை ஏற்றினால் பிள்ளைகள் வரமாட்டார்கள், ஏற்றாவிட்டால் கட்டாது. இந்த மாதம் பார்த்துவிட்டு, வண்டியை விற்றுப்போட்டு ஒரு கம்பெனி வாசலில் வாட்ச்மேனாகப் போகிறாராம். இருபத்தாறு வருட வண்டி!

அப்பா சௌக்கியமா, இந்த வருசம் என்ன வெள்ளாமை என்று அவரே கேட்டார். பொய் சொல்ல வாய் வரவில்லை. மக்காச்சோளம் என்றேன். ஆலைக்குப் போனது, நல்ல விலை என்றேன். வெட்கமாக இருந்தது.

பாய் கரண்டியால் கல்லை ஒருமுறை சுரண்டினார்.

"சந்தோசமுங்க. வெவசாயிக்கு நாலு காசு கெடைக்கட்டும்."

என் இலையை எடுத்துப்போட்டுவிட்டு, ஒரு முழு முட்டையை உடைத்தார். ஒரே கரண்டி சால்னா, மிளகு, அதே பாதி வேக்காடு. மிச்சம் வைக்காமல் தின்றேன். பணம் கொடுத்தபோது என் முகத்தைப் பார்த்தார். பாதியைத் திருப்பிக் கொடுத்தார்.